எக்ஸால் வகுத்தாய், எக்ஸ் பூச்சியமானால்?

திருகோணமலையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் தளத்தில் அமைந்த பல்லுறுப்பி வகையீட்டுத் தொகுதி ஒன்றை, அதாவது எக்ஸ், வை இரண்டின் மாற்றவீதங்களையும் பல்லுறுப்பிகளாகத் தரும் சோடிச் சமன்பாடுகளை, கொடுத்தால், முதல் வேலையாகப் பொதுக் காரணியைத் தேடி வகுத்துவிடுவார்கள். சுருக்குவது நல்ல பழக்கம்தான். எதனால் வகுத்தோம் என்பதை மறந்துவிடுவதில்தான் பிழை வருகிறது.

ஒன்றைப் பார்ப்போம். எக்ஸின் மாற்றவீதம் எக்ஸையும் வையையும் பெருக்கி வருவதன் மறை; வையின் மாற்றவீதம் எக்ஸின் வர்க்கம். இரண்டையும் எக்ஸால் வகுத்தால் மறை வை, எக்ஸ் என்று நிற்கும். உற்பத்தியை, அதாவது எக்ஸும் வையும் பூச்சியமாகும் புள்ளியை, சுற்றிய வட்டங்கள்! "எல்லாம் மூடிய பாதைகள்" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவார்கள். உண்மையில் அங்கே மூடிச் சுற்றும் பாதை ஒன்றுகூட இல்லை.

இதை உப்புவெளி மணலில் ஒரு முறை வரைந்து காட்டினேன். ஒரு வட்டம், நடுவே நிலைக்குத்தாக ஒரு கோடு. கீழ் முனையருகே கோட்டின் இருபக்கமும் இரண்டு பேரை நிறுத்தினேன். வலப்பக்கம் எக்ஸ் நேர், ஆகவே திசை மாறாது. ஒருவன் மேலே நடந்தான். இடப்பக்கம் எக்ஸ் மறை, திசை தலைகீழாகும். அவளும் மேலேதான் நடந்தாள். வையின் மாற்றவீதம் ஒரு வர்க்கமல்லவா, எப்படி இறங்கும்? கோடு முழுவதும் சமநிலைப் புள்ளிகள்: அங்கே எக்ஸ் பூச்சியம், இரு மாற்றவீதங்களும் பூச்சியம். அதை நெருங்க நெருங்க நடை தளர்ந்துகொண்டே போகும். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் போய்ச் சேர முடியாது. பிள்ளைகளின் தாளில் வட்டமாகச் சுற்றியது, மணலில் இரண்டு அரைவில்லாகப் பிரிந்து கிடந்தது.

புள்ளியை ஆரத்தாலும் கோணத்தாலும் குறிக்கும் முனைவாள்கூறுகளிலும் இதே கதைதான். ஆரத்தின் மாற்றவீதம் ஆரம் கழித்தல் ஆரத்தின் கனம் என்று வந்தால், ஆர வர்க்கத்தின் தலைகீழைப் புதிய மாறியாக எடுங்கள். அதன் மாற்றவீதம் 2 கழித்தல் புதிய மாறியின் இரு மடங்கு ஆகிவிடும். பேர்னூலி சமன்பாடு எனப்படும் இவ்வகை, நேர்கோட்டுச் சமன்பாடாகிறது. அழகான வேலை. ஆனால் உற்பத்தியில் இருக்கும் சமநிலை இப்போது முடிவிலிக்குப் போய்விட்டது. அதைத் தனியாக எழுதாவிட்டால் விடை அரைகுறை.

உயர்படி உறுப்புகளை விட்டுவிடும் நேர்கோட்டாக்கத்தை நம்பி "மையம்" (சுற்றிலும் மூடிய பாதைகள் உள்ள புள்ளி) என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. கோணம் சீராகச் சுற்ற, ஆரத்தின் மாற்றவீதம் மறை ஆரக் கனமாக இருந்தால், நேர்கோட்டுப் பகுதி மையம் என்றே சொல்லும். பாதையோ சுருண்டு சுருண்டு உள்ளே போகும்.

அப்புறம் ஏபெல் சமன்பாடு: ஒரு மாறியின் மாற்றவீதம் அதே மாறியின் முப்படிப் பல்லுறுப்பியாக வரும் வகை. நேர்கோட்டு உறுப்புகளோடு ஒரே படியிலான உறுப்புகள் மட்டும் சேர்ந்த தொகுதிகளை அந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் உருமாற்றத்தைக் கணிதவியலாளர் செர்காஸ் 1976இல் தந்தார். கணிதவியலாளர் ஹில்பேர்ட் 1900இல் எழுப்பிய, எல்லை வட்டங்களின் (அருகில் வேறு மூடிய பாதை இல்லாத தனித்த மூடிய பாதைகளின்) எண்ணிக்கை பற்றிய கேள்வி இருபடித் தொகுதிகளுக்கே இன்னும் தீரவில்லை. அதை அணுக இப்படியான உருமாற்றம் பெரிய துணை. ஆனால் ஆரத்தைக் கோணத்தின் சார்பாக எழுதும் அந்தக் கணமே கோணத்தின் மாற்றவீதத்தால் வகுத்துவிடுகிறோம். ஆகவே அந்த மாற்றவீதம் பூச்சியமாகும் வளையியை முதலில் வரையுங்கள். சமன்பாட்டில் அதற்குப் பிறகு கை வையுங்கள்.