கடல் தொழிலிலிருந்து மீண்டும் படிப்புக்கு: செய்ய வேண்டியவை

பள்ளியைப் பாதியில் விட்டுப் பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகில் ஏறிய இளைஞர், இருபது வயதுக்குப் பிறகு மீண்டும் படிக்க விரும்பினால், வேலையை உடனே விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் பங்குப்பணம் திடீரென நின்றால், படிப்பும் நின்றுபோகும் என்றே நான் கருதுகிறேன்.

முதலில் பள்ளி மாற்றுச் சான்றிதழை (டி.சி.) தேடி எடுங்கள். டிரங்குப் பெட்டியில் கிடந்து, உப்புக் காற்றின் ஈரத்தில் மடிப்போரம் கிழிந்து, தலைமையாசிரியரின் முத்திரை மங்கியிருந்தால், நகலுக்குப் பள்ளியிலேயே விண்ணப்பியுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலேயே, எழுதலாம். முதல்முறை எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிந்து, வகுப்புக்கும் செல்ல வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் வேறு ஆளைப் படகில் ஏற்றும்படி உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், கணக்குப் பாடத்தை அப்போது ஊன்றிப் படிக்கலாம்.

தேர்ச்சிக்குப் பின், அரசு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் பிரிவை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஓராண்டுப் படிப்பு; படகு இன்ஜினோடு பழகிய கைக்கு அது அந்நியமாக இராது. ஆண்கள் 40 வயது வரை சேரலாம்.

பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெறுவதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை.