விதைத் தட்டு வைப்பவர்கள் நிலாவை மறக்கக் கூடாது

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனையும் முள்ளும் நிற்கிற தரிசில், போன மாதம் சில மாணவர்கள், வெள்ளெலிகள் (இரவில் மேயும் காட்டெலிகள்) எந்த இடத்தில் எவ்வளவு அஞ்சுகின்றன என்று அளக்க விதைத் தட்டு வைத்தார்கள். என் முதல் வருடத்தில் நான் செய்த பிழைகளையே வரிசையாகச் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தட்டைக் கவிழ்ப்பது, குறிப்பேட்டை மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முறை எளிது. தட்டில் சலித்த மணல், அதில் எடைபோட்டுக் கலந்த கம்பு. விதை குறையக் குறைய, துழாவினாலும் கிடைப்பது அரிதாகும். ஒரு கட்டத்தில் எலி போய்விடும். காலையில் மீந்திருக்கும் விதைதான் அதன் பயத்துக்கு நமக்கு அளவு. 1988இல் சூழலியலாளர் ஜோயல் பிரவுன் இதைக் கோட்பாடாக வகுத்தார். உழைப்பு, அபாயம், வேறிடத்தில் கிடைக்கக்கூடியது, இந்த மூன்றையும் வரவு ஈடுகட்டாதபோது விலங்கு மேய்ச்சலை நிறுத்துகிறது. ஆந்தைக்கு அஞ்சும் இடத்தில் சீக்கிரமே நிறுத்தும், மிச்சம் கூடும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவன மணல்மேட்டு எலிகளிடம் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். நம் வெள்ளெலி அவற்றின் உறவு. தார் பாலைவனத்திலும் இதே இனம் உண்டு.

நிலாவைக் கணக்கில் எடுக்காதது

என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தேன். தட்டுகள் குறைவு. அதனால் முதல் 6 இரவு எல்லாவற்றையும் புதரடியில் வைத்தேன், அடுத்த 6 இரவு அவற்றையே வெட்டவெளிக்கு மாற்றினேன். வெட்டவெளியில் மிச்சம் மிக அதிகம். புதர்தான் பாதுகாப்பு என்று எழுதியும் வைத்தேன்.

நிலத்துக்காரப் பெரியவர் ஏழாம் நாளே சொன்னார்: “தம்பி, நெலா ஏறிட்டு வருதுங்க, இனி வெள்ளெலி வெளிய வராதுங்க.” நான் காதில் வாங்கவில்லை. தட்டு வெட்டவெளிக்கு வந்தபோது வளர்பிறை பாதியைத் தாண்டியிருந்தது. எலி அஞ்சியது இடத்துக்கா, வெளிச்சத்துக்கா? அந்த எடைகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மறுபடி செய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் புல் விளைந்து எங்கும் விதை கிடைத்ததால் தட்டைச் சீண்டவே இல்லை. ஒரு வருடம் போயிற்று.

நெகேவ் எலிகளும் நிலவொளியில் மேய்ச்சலைக் குறைக்கின்றன. அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலிகள் பௌர்ணமியை ஒட்டி இரவு நடமாட்டத்தைக் குறைத்து, அந்தியிலும் விடியலிலும் கூடுதலாக வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் பகலில் வேட்டையாடும் பறவைகளிடம் சிக்கும் ஆபத்து காத்திருக்கிறது. நிலா இவ்வளவு தூரம் விலங்கின் நாளையே திருப்பிப் போடும்போது, அதைக் குறிக்காமல் எடுத்த எடை எதற்கு ஆகும்?

எனவே தட்டுகளை எப்போதும் ஜோடியாக வையுங்கள்: ஒன்று புதரடியில், மற்றது சில அடி தள்ளி வெட்டவெளியில், இரண்டும் ஒரே இரவில். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் எடுங்கள். நிலா எழும் நேரத்தையும் குறியுங்கள்.

புதர் என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பது

கூகையிடமிருந்து புதர் காக்கும், சரி. ஆனால் விரியன் பதுங்குவதும் அங்கேதான். நெகேவில் கொம்பு விரியன் புதரோரம் காத்துக் கிடக்கும். அங்கே எலி இரண்டு பயங்களுக்கு நடுவே மேய்கிறது. இங்கே கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. தட்டெடுக்கக் கை நீட்டும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எலியே வராத தட்டு

காலடித்தடம் இல்லையென்றால் அந்தத் தட்டு பயத்தைக் காட்டவில்லை. தனியாகக் குறியுங்கள்.

ஈர விதை

காயவைத்து எடை போடுங்கள்.

எறும்பும் காற்றும்

பொழுது சாய்ந்தபின் வையுங்கள், விடியும்முன் எடுங்கள். இல்லையென்றால் எறும்பும் புறாவும் முடித்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தட்டைத் தரைமட்டத்துக்குப் புதைத்து வையுங்கள், மணல் பறக்காது.