மகளிர் குழு மாசக் கூட்டம் நடத்துறது எப்படி? (பணம் வசூலிக்கிறதோட முடிஞ்சிடாம)

புதுசா ஊக்குநர் (குழுவ முன்னாடி நின்னு நடத்துறவங்க) ஆயிருக்கிற தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். அப்புறம் குழு பேருக்கு இருக்கு, ஆனா கூட்டம்னு ஒண்ணு நடந்தே பல மாசம் ஆச்சு, ஊக்குநர் வீட்டு திண்ணையில பணத்த குடுத்துட்டு கையெழுத்து போட்டுட்டு போறதோட சரின்னு ஆகிப்போன குழுக்களுக்கும் சேத்துதான். நான் புதுக்கோட்டை பக்கம், எங்க ஊர் குழுவுக்கு கணக்கு எழுதுறவ, அதனால நம்ம பக்கத்து வழக்கத்துலதான் சொல்வேன், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

முதல்ல ஒரு குழப்பம். ஊருக்குள்ள "குழு"ன்னு சொன்னா இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு நம்ம மகளிர் சுய உதவிக் குழு, 1989ல தருமபுரியில ஆரம்பிச்சு அப்புறம் மகளிர் திட்டம்னு எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. இன்னொண்ணு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க வாரா வாரம் பைக்ல வந்து வசூல் பண்றாங்களே அது. அங்க சேமிப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது, நம்ம பணமும் கிடையாது, தவணை கட்டிட்டு எந்திரிச்சு போயிட வேண்டியதுதான். நம்ம கூட்டமும் அது மாதிரியே ஆயிடுச்சுன்னா பொம்பளைங்க வர்றத நிறுத்திருவாங்க, யாரும் அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

சரி, நாளும் நேரமும். திட்டத்துல வாரக் கூட்டம்தான் சொல்லியிருக்காங்க, ஆனா நடைமுறையில நெறைய ஊர்ல மாசம் ஒண்ணு இல்ல ரெண்டுதான் நடக்குது. ஒண்ணே ஒண்ணு நடத்தினாலும் தேதிய நிலையா வைங்க, "மாசத்துல ஒரு நாள் பாத்து சொல்றேன்"னு சொன்னீங்கன்னா அந்த நாள் வரவே வராது. சம்பளம் கைக்கு வர்ற நேரம், மகளிர் உரிமைத்தொகை ஏறுற தேதி, ரேஷன் கடை, இதெல்லாம் பாத்து வைங்க, எங்க பக்கம் 15க்கு மேல வெச்சா தவணை ஒழுங்கா வருது. நேரம் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள முடியணும். நடவு, களையெடுப்பு சமயத்துல இருட்டினப்புறம்தான் வருவாங்க, அந்த ரெண்டு மாசம் மட்டும் தள்ளி வெச்சுக்கலாம், முன்னாடியே தீர்மானத்துல எழுதிடுங்க. இடம் வந்து கண்டிப்பா ஊக்குநர் வீடா இருக்க வேணாம். அங்கன்வாடி, நூலகக் கட்டடம், கோயில் மண்டபம், எதுவும் இல்லன்னா ஒரு மரத்தடி. ஒரு மாசம் ஒருத்தர் வீடுன்னு சுத்தி வர்றதும் நல்ல முறைதான், ஆனா ஒரு தெருக்காரங்க இன்னொரு தெருக்காரங்க வீட்டுக்குள்ள போகமாட்டாங்கன்னு பிரச்சனை உள்ள ஊர்ல முதல்லயே பொது இடமா வெச்சுடுங்க, எல்லாரும் ஒரே பாயில உக்காரணும், அது மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

கூட்டம் ஆரம்பிச்ச உடனே பணத்த முடிச்சிருங்க. நெறைய பேர் கதை பேசிட்டு கடைசியில பணத்த எடுக்கிறாங்க, அப்ப பாதி பேர் "மாவு ஆட்டணும்"னு எந்திரிச்சு போயிருப்பாங்க, எண்ணுறது மூணு பேரு பாக்குறது ரெண்டு பேரு, சண்டை எல்லாம் அங்கதான் பொறக்குது. நாங்க பண்றது இதுதான்: பாய விரிச்சு வட்டமா உக்காருவோம், நடுவுல ஒரு தட்டு. பேர் கூப்பிட கூப்பிட ஒவ்வொருத்தரும் அவங்க கையால தட்டுல வெச்சு, "சேமிப்பு இருநூறு, அசல் ஆயிரம், வட்டி தொண்ணூறு"ன்னு வாய்விட்டு சொல்லணும். எழுதுறவங்க அதையே திருப்பி சொல்லிட்டு ரெண்டு இடத்துல எழுதணும், குழு பேரேட்டுல ஒண்ணு, அவங்க பாஸ்புக்ல ஒண்ணு. "வீட்டுக்கு போயி எழுதிக்கிறேன்" கிடையாது. கடைசியில ஊக்குநர் இல்லாம வேற யாராவது ஒருத்தர், மாசம் ஒரு ஆள், மொத்தத்த சத்தமா எண்ணணும். எழுதப் படிக்க தெரியாத அம்மாங்க எங்க குழுவுல உண்டு, அவங்கதான் இதுல ரொம்ப கெட்டி, அடுத்தவங்க தவணை எத்தனை பாக்கின்னு விரல்ல வெச்சிருப்பாங்க.

வட்டி கணக்கு புரியாமலே பல வருஷம் கட்டுறவங்க இருக்காங்க, அதனால ஒரு கூட்டத்த இதுக்குன்னே ஒதுக்குங்க. பத்தாயிரம் கடன், நூத்துக்கு ஒரு ரூவா வட்டி, பத்து தவணைன்னு வைங்க. முதல் மாசம் அசல் 1000, வட்டி 100. அடுத்த மாசம் பாக்கி 9000 தானே, அதனால வட்டி 90. அப்புறம் 80, 70ன்னு கொறைஞ்சுகிட்டே வந்து மொத்த வட்டி 550தான். இதையே மாசம் நூறு நூறுன்னு நேரா புடிச்சா ஆயிரம் ஆயிடும். வெளிய கடன் வாங்குறப்ப "ஒரு ரூவா வட்டிதாம்மா"ன்னு சொல்லுவாங்க, எந்த ஒரு ரூவான்னு கேக்க தெரியணும், அதுக்குத்தான் இத கத்துக்குடுக்கச் சொல்றேன்.

தீர்மான நோட்டு பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா இதத்தான் எல்லாரும் அலட்சியம் பண்றாங்க. பேங்க்ல கடனுக்கு போறப்ப குழு ஆறு மாசமாவது ஒழுங்கா நடந்திருக்கணும், அந்த ஆறு மாசத்த குழுவோட கணக்கு நோட்டுல இருந்துதான் எண்ணணும், அக்கவுண்ட் ஆரம்பிச்ச தேதியில இருந்து இல்ல, இது ரிசர்வ் பேங்க்கே சொல்லியிருக்கிறது. அப்ப நோட்டுல முதல் கூட்டம் எழுதின தேதிதான் உங்க குழுவோட பொறந்த நாளு. குழுவோட தரம் பாக்குறப்பவும் கூட்டம், சேமிப்பு, உள் கடன் (குழு பணத்துல நமக்குள்ள குடுக்கிற கடன்), திருப்பி கட்டுறது, கணக்கு எழுதுறது, இந்த அஞ்சையும்தான் பாப்பாங்க, பஞ்ச சூத்திரம்னு பயிற்சியில சொல்லுவாங்களே அது. எழுதுறப்ப "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது"ன்னு எழுதி பக்கத்த ரொப்பாதீங்க. வந்தவங்க எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கடன், எதுக்கு, எத்தனை தவணை, யார் வேணாம்னு சொன்னாங்க, அதையும் எழுதுங்க. "காதுகுத்துக்கு 5000, அஞ்சு தவணை, சம்மதம்"ன்னு நாலு வார்த்தை போதும், எழுதி முடிச்சு சத்தமா படிச்சு காட்டிட்டு அப்புறம் கையெழுத்து. வெத்து பக்கத்துல முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வெச்சுக்கிற பழக்கம் சில குழுவுல இருக்கு, அத யார் கேட்டாலும் போடாதீங்க.

பேங்க் பேச்சு வந்ததால இன்னொண்ணு. குழு கடன் பத்து லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து கேக்கக்கூடாது, டெபாசிட் போடச் சொல்லக்கூடாது, குழுவோட சேமிப்பு கணக்க புடிச்சு வைக்கவும் கூடாது. அப்படி யாராவது கேட்டா தனியா போயி சண்டை போடாம, கூட்டத்துல சொல்லி தீர்மானமா எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு (ஊராட்சியில உள்ள குழுக்கள் எல்லாம் சேந்தது) மூலமா வட்டார அலுவலகத்துக்கு கொண்டு போங்க. நாலு பேரு நோட்டோட போய் நின்னா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

பணம் முடிஞ்சாச்சா, அரை மணி முக்கா மணி ஆயிருக்கும். இனிமேதான் கூட்டமே. டீ போடுங்க, ஒரு மாசம் சுண்டல், ஒரு மாசம் அவிச்ச கடலை, செலவு குழு பணத்துல இருந்து எடுக்காம முறை வெச்சு செய்யுங்க, ஆனா எங்க வீட்டுல வடை உங்க வீட்டுல கேசரின்னு போட்டி வந்துடும், வசதி இல்லாதவங்க அவங்க முறை வர்ற மாசம் பாத்து லீவு போட்டுருவாங்க, அதனால டீயும் ஒரு சுண்டலும்தான்னு கட்டி வெச்சுடுங்க.

மாசத்துக்கு ஒரே ஒரு விஷயம் எடுங்க, மூணு நாலு எடுத்தா ஒண்ணும் நிக்காது. மே மாசம்னா பிரதமர் திட்டத்து இன்சூரன்ஸ். பேங்க் கணக்குல இருந்து மே கடைசியில தானா புடிப்பாங்க, விபத்துக்கு 20 ரூவா, ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூவா, ரெண்டுக்கும் தனித்தனியா ரெண்டு லட்சம். கணக்குல காசு இல்லாம விட்டுப்போறவங்கதான் ஜாஸ்தி, அதனால அந்த மாசம் எல்லாரும் பாஸ்புக் கொண்டாந்து பாத்துக்கணும். ஆயுள் காப்பீட்டுல புதுசா சேர 50 வயசுக்குள்ள இருக்கணும், இது தெரியாம 52ல போயி நிக்கிறாங்க. இன்னொரு மாசம் கிராம செவிலியர கூப்பிட்டு ரத்த சோகை பாருங்க, பொம்பளைங்களுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் பன்னெண்டுக்கு கீழ இருந்தா கொறைச்சல்தான், "எனக்கு தலைசுத்தல் எப்பவும் இருக்கிறதுதான்"னு சொல்ற அக்காதான் எட்டுல இருப்பாங்க. இன்னொரு மாசம் போன் மோசடி. ஓடிபி கேட்டா சொல்லக்கூடாதுன்னு பாடம் எடுக்கிறத விட, ஒருத்தர் பேங்க் மேனேஜர் மாதிரி போன் பண்ணி நடிக்கட்டும், இன்னொருத்தர் பதில் சொல்லட்டும், சிரிச்சு உருண்டு பொரண்டாலும் மோசடிய புகார் பண்ற 1930ங்கிற நம்பர் மறக்காது. பெண்கள் உதவிக்கு 181, புள்ளைங்களுக்கு 1098, இந்த மூணையும் பாஸ்புக் அட்டையில எழுதி வெச்சுடுங்க.

கிராம சபை. இதுதான் குழு பண்ற சமூக வேலையிலயே பெருசு, ஆனா நெறைய குழு வந்தோமா கையெழுத்து போட்டோமான்னு போயிடுறாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு. இதுக்கு முந்தின மாசக் கூட்டத்துலயே என்ன கேக்கணும்னு முடிவு பண்ணிடுங்க. தெரு விளக்கு, சாக்கடை, தண்ணி, எல்லாம் கேட்டா எதுவும் வராது, ஒண்ண புடிங்க. மனுவா எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு, யார் எந்திரிச்சு பேசுறதுன்னு ரெண்டு பேர தீர்மானிச்சு, அவங்கள குழுவுலயே ஒருதரம் பேச வெச்சு பாருங்க. ஐந்நூறுல இருந்து மூவாயிரம் வரைக்கும் ஜனத்தொகை உள்ள ஊராட்சியில கிராம சபைக்கு நூறு பேராவது வரணும், அந்த நூறுல நம்ம அஞ்சாறு குழு சேந்து வந்தாலே முக்காவாசி நாமதான், அதனால நம்மள கண்டுக்காம நடத்தவும் முடியாது. முடிஞ்சு போறதுக்குள்ள நம்ம கோரிக்கை தீர்மானப் பதிவேட்டுல ஏறிச்சான்னு படிக்கச் சொல்லி கேட்டுட்டுதான் எந்திரிக்கணும்.

கட்சிக்காரங்க மாநாட்டுக்கு வேன் அனுப்பறேன் குழுவ கூட்டிட்டு வாங்கன்னு கேப்பாங்க. தனியா விருப்பப்பட்டவங்க போகட்டும், குழு பேர்ல போகாதீங்க. ஒரே குழுவுல மூணு கட்சி இருக்கும், அப்படி ஒருதரம் போனா அடுத்த மாசம் பாதி பாய் காலியா கெடக்கும்.

விளையாட்டு, ஆட்டம் பாட்டம் எல்லாம் வீண் செலவுன்னு நெனைக்கிற ஊக்குநருங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கடன் வாங்கினவங்க, கட்ட முடியாம முகத்த மறைச்சுட்டு வர்றவங்க, போன மாசம் சண்டை போட்டவங்க, இவங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் சாதாரணமா பாக்கிறதுக்கு வேற என்ன வழி இருக்கு? பொங்கலுக்கு கோலம், கயிறு இழுக்கிறது, மார்ச் 8க்கு மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், வயசானவங்களுக்கு தாயம், பல்லாங்குழி. கும்மி தெரிஞ்ச ஆயா ஒருத்தராவது ஒவ்வொரு தெருவுலயும் இருப்பாங்க, முளைப்பாரிக்கு மட்டும் கூப்பிடாம கூட்டத்துக்கு கூப்பிட்டு சொல்லித்தரச் சொல்லுங்க. பரிசு எல்லாருக்கும் ஒரே மாதிரி, சின்ன டப்பாவோ கரண்டியோ போதும். எங்க மாவட்டத்துல 90கள் ஆரம்பத்துல எழுதப் படிக்க கத்துக்குடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தப்ப ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, அந்த காலத்து அம்மாங்க இன்னும் அத சொல்லி சிரிப்பாங்க, இப்ப அதே மாதிரி ஞாயித்துக்கிழமை காலையில பள்ளிக்கூட மைதானத்துல ஸ்கூட்டி பழகலாம், வண்டி ஒருத்தருது, பெட்ரோல் பழகுறவங்களுது.

சாவு வீடு, ஆஸ்பத்திரி செலவுக்கு தனியா ஒரு சின்ன நிதி வைங்க, ஆளுக்கு மாசம் பத்து இருபது போதும். ஆனா சேமிப்போட கலக்காதீங்க, தனி நோட்டு, தனி டப்பா, திருப்பி கேக்காத பணம்னு ஆரம்பத்துலயே பேசிக்கங்க.

டூரும் அதே மாதிரிதான். வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சாவூர் பெரிய கோயில்னு ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி வைங்க, ராத்திரி தங்குறதுன்னா பாதி பேருக்கு வீட்டுல அனுமதி கெடைக்காது. மாசம் நூறு ரூவா தனியா சேத்து பத்து மாசம் கழிச்சு போங்க, குழு சேமிப்புல கை வைக்காதீங்க, கடன் வாங்கி டூர் போகவே போகாதீங்க. வர முடியாதவங்க பணத்த முழுசா திருப்பி குடுத்துடணும். வேன் பேசுறப்ப கிலோமீட்டர் கணக்கா நாள் வாடகையான்னு கேட்டு, டோலும் டிரைவர் சாப்பாடும் யார் பொறுப்புன்னு முன்னாடியே பேசிக்கங்க. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிட்டு போனா ஒரு வேளை ஓட்டல் செலவு மிச்சம். திரும்பி வந்த அடுத்த கூட்டத்துல பில்லோட கணக்கு படிச்சு, மிச்சம் ஆளுக்கு பதினேழு ரூவாயா இருந்தாலும் பிரிச்சு குடுத்து பாஸ்புக்ல எழுதிடுங்க.