மண்ணில்லாத் தக்காளியில் பாக்டீரியா வாடல்: முதல் செடி துவண்டதும் என்ன செய்வது?

ஓசூர்ப் பக்கம் ஒரு பாலிஹவுஸில், அதாவது பாலித்தீன் கூரைக் குடிலில், தக்காளியைப் பார்த்துக்கொள்கிறேன். கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) பை, சொட்டுக்குழாய், மேலே கயிறு, அவ்வளவுதான். மண்ணே இல்லாத இடத்தில் வாடல் நோய் எங்கிருந்து வரும் என்று புதியவர்கள் கேட்பார்கள். நாற்றோடு வரும், தண்ணீரோடு வரும், செருப்போடும் வரும்.

உச்சி வெயிலில் ஒரு செடி மட்டும் தலை தொங்கினால், முதலில் அதன் டிரிப்பர், அதாவது நீர் சொட்டும் முனை, அடைத்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் சரியாக வந்தும் இலை பச்சையாகவே துவள்கிறதா? தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் நீரில் ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூல்நூலாக இறங்கினால் ரால்ஸ்டோனியா, அதாவது பாக்டீரியா வாடலைத் தரும் கிருமி. இலை மஞ்சளாகி அப்புறம் வாடி, நூலும் இறங்காவிட்டால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். ஒரே இலையில் ஒரு பக்கத்துச் சிற்றிலைகள் மட்டும் வாடி, ஓரம் கருகி, காயில் வெள்ளை வளையத்துக்குள் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது கிளாவிபேக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா, அது தரும் நோய் கேன்கர். விதையோடும் வரக்கூடியது.

எதுவானாலும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். தண்டுக்குள் புகுந்துவிட்டதைச் செம்பு மருந்து எட்டாது. டிரிப்பரை மூடி, செடியை நின்ற இடத்திலேயே பாலித்தீன் உறையால் மூடி, பையோடு வெளியேற்றுங்கள். நடைபாதையில் இழுத்துப் போகவே கூடாது. இரு பக்கத்துச் செடிகளும் போகட்டும், மனசு வராதுதான். வடிநீரை மறுசுழற்சிக்கு விடுகிறீர்கள் என்றால் அன்றே நிறுத்துங்கள்.

கேன்கர் பரவுவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோலால்தான். பக்கக் கிளை கழிப்பவர் போன வழியிலேயே வரிசையாகச் செடிகள் சாயும். ஆளுக்கு இரண்டு கத்தரிக்கோல் கொடுங்கள்: ஒன்று கையில், மற்றது 70 சதவீத ஆல்கஹாலில். செடிக்குச் செடி மாற்ற வேண்டும். பிளீச்சிங் கரைசலும் கொல்லும், ஆனால் கத்தி துருப்பிடிக்கும். பனி ஈரம் காய்ந்த பிறகே வேலை தொடங்கட்டும். நோய் கண்ட வரிசை கடைசியில், அதை முடித்தவர் நேராக வீட்டுக்கு.

ரால்ஸ்டோனியா வந்த குடிலில் அடுத்த முறை, நோய் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று வையுங்கள். கேன்கருக்கு ஒட்டு உதவாது. ஒட்டும் பிளேடே அதைப் பரப்பும். கேன்கரைத் தடுக்க, விதைக்கும் முன் விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவையுங்கள், தெர்மாமீட்டர் வைத்து. பூச்சுப் பூசிய விதைக்கு இது சரிப்படாது.

பயிர் முடிந்ததும் பழைய பைகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். குழாய்ப் பாசியையும் தொட்டி வழவழப்பையும் தேய்த்துக் கழுவிய பிறகே குளோரின் விடுங்கள். அழுக்கிருந்தால் குளோரின் வீரியமெல்லாம் அதிலேயே செலவாகிவிடும்.