மோட்டார்ஹோமை மட்டமாக நிறுத்துவது எப்படி: ஏர் சஸ்பென்ஷன் பட்டன்களை முதல்முறை தொடுபவர்களுக்கு

மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, சமையலறையோடு வீடுபோல் அமைந்த வண்டியை, நிறுத்திவிட்டு உள்ளே போனால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது, குளிக்கும் தண்ணீர் மூலையில் தேங்குகிறது என்றால், வண்டி சாய்ந்து நிற்கிறது. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் இருந்தால் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். அதற்குள் அம்மோனியாக் கரைசல் பம்ப் இல்லாமல் தன் எடையால்தான் கீழே வழிந்து சுற்றிவருகிறது. சாய்ந்த நிலையில் நெடுநேரம் ஓடினால் கரைசல் தேங்கிச் சூடேறி, குளிர்விக்கும் பகுதியே பாழாகிவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அச்சுகளுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் காற்றுப் பைகள் இருக்கின்றன. ஓடும்போது அவற்றின் உயரத்தை, காற்றைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஹைட் வால்வுகள் பார்த்துக்கொள்கின்றன. நிறுத்திய பிறகு அந்த வேலை பேனல் பட்டன்களுக்கு வருகிறது.

முதலில் இறங்கி ஒரு சுற்று வாருங்கள். பைகளின் காற்றை வெளியே விட்டால் வண்டியின் உடம்பு முழுதும் கீழே வரும். அடியில் கல்லோ மரக்கட்டையோ இருக்கக் கூடாது, ஆளும் கூடாது. ஒருமுறை கதவைத் திறந்து வைத்தபடியே காற்றை விட்டுவிட்டேன். கதவின் கீழ் விளிம்பு பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து, கீல் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து கதவைச் சாத்தி, படியை மடக்கிய பிறகுதான் பட்டனைத் தொடுகிறேன்.

அப்புறம் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஏர் பிரேக் உள்ள பெரிய வண்டி என்றால், காற்றழுத்த மீட்டரின் முள் 100 பிஎஸ்ஐ தாண்டும் வரை எஞ்சின் ஓடட்டும். காற்று போதாமல் தொடங்கினால் தாழ்ந்த பக்கம் பாதியிலேயே நின்றுவிடும்.

இனி மட்டம் பார்ப்பது. பல பேனல்களில் எரியும் மஞ்சள் விளக்கு தாழ்ந்த பக்கத்தைக் காட்டும். உங்கள் பேனல் எதைக் காட்டுகிறது என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு சிறிய ரசமட்டமும் வைப்பேன். ஆட்டோ பட்டன் இருந்தால் அதை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். கையால் செய்வதென்றால், உயர்ந்த பக்கத்தின் காற்றை முதலில் விடுங்கள். எடுத்த எடுப்பில் தாழ்ந்த பக்கத்தை ஏற்றப் போகாதீர்கள். வண்டி தாழ்வாக நிற்கும்போது ஆட்டம் குறையும், ஏறி இறங்கவும் எளிது.

பட்டனை ஒரேயடியாகப் பிடித்து வைக்காமல் ஓரிரு விநாடி அழுத்தி விடுங்கள். 'புஸ்ஸ்' என்ற சத்தம் நின்ற பிறகும் உடம்பு மெல்ல அசைந்து அடங்கும், குமிழியும் அதற்குப் பிறகே நிலைக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த அழுத்தம். பக்கவாட்டுச் சாய்வு, முன்பின் சாய்வு இரண்டில் எது அதிகமோ அதை முதலில் எடுப்பது என் வழக்கம். பைகள் சில அங்குலம்தான் தூக்கும். மீறிய சரிவென்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

ஸ்லைடு-அவுட், அதாவது வெளியே நீட்டி அறையை அகலமாக்கும் பகுதி, இருந்தால், அதை மட்டம் பார்ப்பதற்கு முன் நீட்டுவதா பின் நீட்டுவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்வதே சரி.

காலையில் சற்றுச் சாய்ந்திருந்தால் பதற வேண்டாம். 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கும் இரவில் பைக்குள் இருக்கும் காற்று சுமார் 7 சதவீதம் சுருங்கும். ஒரு மூலை மட்டும் தினமும் தரைதட்டினால் அது கசிவு. பக்கவாட்டில் நின்றபடி கைக்கு எட்டும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், கசியும் இடத்தில் நுரை பொங்கும். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. ஒரு குழாய் கழன்றாலும் பல டன் எடை கண நேரத்தில் இறங்கிவிடும். அடியில் வேலை இருந்தால், அந்த எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்குக் கொடுத்த பிறகுதான்.

கிளம்பும்போது எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை ஓட்டும் உயரத்துக்குத் திருப்பும் டிராவல் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மாறியதுமே நகர்ந்துவிடாதீர்கள். இறங்கிப்போய் டயருக்கும் மேல் வளைவுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். தாழ்ந்த நிலையிலேயே ஓட்டினால் டயர் உடம்பில் உரசும். காற்று முள்ளும் ஏறி நிற்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.