பக்கத்து மனைக் கட்டடத்தை எதிர்த்து ரிட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டணம் குறைந்தாலோ நகல் தெளிவில்லாவிட்டாலோ உயர் நீதிமன்றப் பதிவுத்துறையே ரிட் மனுவை (அரசு அதிகாரிகளின் செயலை எதிர்த்து அங்கே போடும் மனு) திருப்பிவிடும், சரிசெய்துகொள்ளலாம். மனுவுக்கு வழக்கு எண் கிடைத்து நீதிபதி முன் போனபின் கவிழ்க்கும் தவறுகள் வேறு. புதிதாக வருகிற ஜூனியர் வக்கீல்கள் விடாமல் செய்பவை அவைதான்.

'என் புகாரைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்பது

பக்க இடைவெளி விடாமல் கட்டுகிறார்கள். கட்சிக்காரர் (நம்மிடம் வழக்குக் கொடுப்பவர்) மாநகராட்சிக்கும் சிஎம்டிஏவுக்கும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) புகார் அனுப்பிய தபால் ரசீதோடு வருகிறார். உடனே அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ஒரு மாண்டமஸ் ரிட் (அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்பது). முதல் நாளே அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் வாங்கிக்கொள்வார். 'தகுதி அடிப்படையில், சட்டப்படி, 12 வாரத்துக்குள் பரிசீலிக்கவும்' என்று மனு முடிந்துவிடும். கட்சிக்காரர் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். அந்த 12 வாரத்தில் எதிராளி அடுத்த தளத்துக்குக் கான்கிரீட் போட்டிருப்பார், ஏனென்றால் தடை எதுவும் இல்லை. கடைசியில் 'விதிமீறல் காணப்படவில்லை' என்று ஒருவரி பதில் வரும். அதை ரத்து செய்ய இன்னொரு ரிட், இன்னொரு ஃபீஸ். 'பரிசீலிக்க' உத்தரவுகளால் வரும் தீமையை உச்ச நீதிமன்றம் 2008-லேயே சி. ஜேக்கப் வழக்கில் (அது பணி வழக்கு) விரிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அதே கோரிக்கையைத்தான் இன்னும் டைப் அடிக்கிறார்கள்!

கேட்க வேண்டியது: 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி (விதிமீறிய கட்டுமானத்தை அகற்றுவது, நிறுத்துவது) நடவடிக்கை, கூடவே கட்டுமானத்தை நிறுத்திவைக்க இடைக்கால மனு. அங்கீகரித்த வரைபடத்தை 10 ரூபாய் ஆர்டிஐ மனுவில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. வேலை மும்முரமாக நடந்தால் அதற்காகக் காத்திராமல், விட்டிருக்கும் இடைவெளியை அளந்து, 2019 கட்டட விதிகள் கேட்கும் அளவையும் சேர்த்து, தேதியிட்ட படங்களோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். அனுமதியே தவறென்றால் அதன் எண், தேதியைச் சொல்லி ரத்து கேளுங்கள்.

கட்டுபவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காதது

அவரைக் கேட்காமல் அவர் கட்டடத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

'இங்கே அடுக்குமாடி வேண்டாம்' என்று வாதாடுவது

முடிவு நல்லதா கெட்டதா என்று ரிட்டில் பார்ப்பதில்லை, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்ப்பார்கள். 1994 டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து இது மாறவில்லை. அதிகாரம் இருந்ததா, விதியைப் பார்த்தாரா, பாதிக்கப்படுபவரைக் கேட்டாரா என்று போங்கள். ஜெயித்தாலும் கோப்பு பெரும்பாலும் அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பும். இதைக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எல்லைத் தகராறு

சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்.

கட்டுபவர் தரப்பில் வாதாடும்போது: சீல் நோட்டீஸ் வந்ததும் நேரே ஹைகோர்ட்

அதே 1971 சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிட வழி இருக்கிறது. அதை ஏன் தாண்டினீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நிலுவையில் உள்ள சிவில் வழக்கை மறைப்பது

எதிர்தரப்பு பதில் மனுவின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டுவிடுவார்கள்.