பாஸ்வேர்டு மாற்றியும் போகாத பக்கத்து வீட்டு போன்

ராத்திரி ஆனால் நெட் இழுக்கும். இணைப்பு கொடுத்தவர் ஒயரை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை (192.168.1.1) திறந்தால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் யாருடையதோ ஒரு போன். அதன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் அடையாள எண்ணைத் தடுத்தேன். மறுநாள் பெயர் அதே, முகவரி வேறு! முகவரியில் இரண்டாவது இடத்தைப் பாருங்கள்: 2, 6, A, E இருந்தால் பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. தடுத்துப் பயனில்லை.

சரி, வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். அதற்கும் அசரவில்லை.

கடைசியில் பார்த்தால் டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் இணையும் வசதி) திறந்தே கிடந்தது. அதன் 8 இலக்க பின் எண் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு மாறினாலும் அது மாறாது. அதைத் தெரிந்தவருக்குப் புதுப் பாஸ்வேர்டை ரவுட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். முதலில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன், அப்புறம் பாஸ்வேர்டை மாற்றினேன். இந்த வரிசைதான் முக்கியம். நிம்மதி.

மறுநாளே மாடி வீட்டுப் பையன், “அண்ணே, உங்க வீட்ல நெட் வருதா?” என்றான்.